நாலில் ஒன்று குள்ளம்

அத்தியாயம் 7

செத்தவனைப் பார்க்க எங்களை யாரும் அனுப்பவில்லை. அவனைப் புதைத்தாகிவிட்டது. அவன் நாயைக்கூட அண்ணன்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எங்களை அனுப்பியது சுடாமல் மிச்சம் கிடந்த நாலு தோட்டாக்களைப் பார்க்க.

அனுப்பியவள் ஓல்சன். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காகக் கவுண்டி நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே வக்கீல். அவளுக்காகத் துப்புத் துலக்குபவள் மேவிஸ் காட்ரெல். மேவிஸுக்கு வண்டி ஓட்டி, பை தூக்கி, வாய் ஓயாமல் பேசி அவள் ரத்த அழுத்தத்தை மேலேயே வைத்திருப்பவன் டெல் பிங்கம், அதாவது நான். வெள்ளிச் சுரங்கத்தில் பாறை விழுந்து என் முழங்கால் நொறுங்கிய பிறகு கிடைத்த வேலை இது. பாறை இன்னும் கொஞ்சம் மேலே, வாய்ப் பக்கமாக விழுந்திருக்கலாம் என்று மேவிஸுக்கு ஒரு வருத்தம் உண்டு.

வழக்கில் முடிச்சு என்று ஒன்றும் இல்லை. ஆர்லோ ஹென்ஸ்லி என்ற கிழவர், தன் மகள் கோரீனின் பழைய புருஷன் கெண்ட் ஸ்ப்ரேக்கைத் தன் வீட்டுச் சமையலறையில் சுட்டுக் கொன்றார். அவரே ஷெரிப்புக்குப் போன் போட்டார். காலையில் வந்து கதவைத் தட்டினான், திறந்துவிட்டேன், வாய்ச்சண்டை வந்தது, திறந்த கதவு வழியாக வெளியே ஒரு தடவை பயம்காட்டச் சுட்டேன், அடங்கவில்லை, அடுத்ததை நெஞ்சில் வைத்தேன். இதுதான் அவர் கொடுத்த வாக்குமூலம். நெஞ்சைத் துளைத்த குண்டு பின்னால் இருந்த இரும்பு அடுப்பில் மோதி, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி கிடந்தது. எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. சுட்டவனே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த ஷெரிப் குனிந்து தரையைத் தேடப்போகிறான்?

ஆர்லோவும் சுரங்கத்துக்காரர்தான். நுரையீரலில் பாதி கல்தூசி. மூக்கில் குழாய் இல்லாமல் படுக்க முடியாது. ஆத்திரத்தில் செய்தது என்று ஆனால் கொஞ்ச காலத்தில் வெளியே வந்து சொந்தக் கட்டிலில் சாகலாம். திட்டம் போட்டுச் செய்தது என்றால் சிமெண்டு அறைதான். அரசு வக்கீல் திட்டம்தான் என்றான். அதற்கு அவன் காட்டிய ஆதாரம் அந்தத் தோட்டாக்கள். கடையில் வாங்கியதில்லை, தன் கையால் செய்தது, அதுவும் செம்பு முலாம் பூசிய விசேஷக் குண்டு, ஆளைக் கொல்வதற்கென்றே உட்கார்ந்து செய்திருக்கிறான் என்று கோர்ட்டில் வாசித்துவிட்டான். அவை காகிதத்தில் ஓட்டை போடுகிற சாதாரணத் தோட்டாக்கள் என்று நிரூபித்துக் கொடுங்கள் என்பது ஓல்சன் எங்களிடம் கேட்டது.

ஷெரிப் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் சாட்சிப் பொருள் அறை. அதன் சாவி ட்ரூடி என்ற பெண்ணிடம். எல்க் மான் உப்புக்கண்டத்தைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஆர்லோவின் பெரிய இரும்பு ரிவால்வரையும் அதிலிருந்து எடுத்த ஆறையும் மேஜைமேல் வைத்தாள். சுட்டுத் தீர்ந்த இரண்டு காலித் தோட்டாக் குப்பிகள். நாலு முழுத் தோட்டாக்கள்.

மேவிஸ் கையுறை மாட்டி, நாலையும் வரிசையாக நிற்க வைத்தாள். பித்தளை உடம்பு, செம்பு மூக்கு. பார்க்க ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இதுல ஒருத்தன் குள்ளம், பாஸ்," என்றேன். "எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தன் இருப்பான். எங்க வீட்ல என் மச்சான்."

மேவிஸ் குனிந்து கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு, வண்டியிலிருந்து நுணுக்கமாக அளக்கும் என் வெர்னியர் கருவியை எடுத்து வரச் சொன்னாள்.

அடியிலிருந்து மூக்கு நுனிவரை ஒவ்வொன்றாக அளந்தாள். மூன்று நெட்டை. அந்த மூன்றுக்குள்ளும் ஒரு தலைமுடி, இரண்டு தலைமுடி பேதம். நாலாவது குள்ளம். ட்ரூடி மெல்லுவதை நிறுத்தி, அதனால் என்ன என்று கேட்டாள். மேவிஸ் தெரியவில்லை என்றாள். அது பொய் இல்லை. அப்போது தெரியவில்லை.

வண்டியில் ஏறியதும் நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர் மெர்சர் க்ரீக்கில் பாதி ஆண்கள் தோட்டாவைத் தாங்களே அடைக்கிறவர்கள்தான். சுட்ட குப்பியைப் பொறுக்கி வந்து, துடைத்து, வெடிமருந்து போட்டு, பிரஸ் என்ற அமுக்கும் கருவியின் கைப்பிடியை இழுத்துக் குண்டை உள்ளே அமுக்குவார்கள். அமுக்கும் ஆழத்தைப் பொறுத்ததுதான் தோட்டாவின் மொத்த நீளம். ஆழம் அதிகமானால் உள்ளே அழுத்தம் ஏறித் துப்பாக்கியைப் பிளக்கும். குறைந்தால் தோட்டாவின் மூக்கு சுழலும் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, உருளையைச் சுற்ற விடாது. அதனால் அளந்து பார்ப்பார்கள். மற்றவர்கள் ஒரு கை அள்ளினால் அதில் ஒன்றை எடுத்து அளப்பார்கள். ஆர்லோ எல்லாவற்றையும் அளப்பார். பான்கேக் சுட்டால் அதற்கும் வெர்னியர் வைப்பார், தடிப்பு சரியில்லை என்றால் நாய்க்குத்தான் என்று துப்பாக்கி சுடும் கிளப்பில் அவரைக் கேலி செய்வார்கள்.

"அப்படிப்பட்ட ஆள் கையில நாலுல ஒண்ணு தப்பா வருமா?" என்றாள் மேவிஸ்.

வயசு, மூச்சு முட்டல், கை நடுக்கம் என்று நான் அடுக்கினேன்.

"கை நடுங்கினா எல்லாம் கலந்து வரும், டெல். இங்க மூணு ஒரு கூட்டம். ஒண்ணு தனி ஆள்."

ஆர்லோவின் வீடு ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். பனி உருகி ஆறு பழுப்பாக, மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. கோரீன் கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்ப்பவள். கண்ணைச் சுற்றி இருந்த கறுப்பு தூக்கம் இல்லாததால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். சமையலறையில் கொடுக்கவில்லை, வாசலில் கொடுத்தாள். அன்று காலை என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அவளாகவே, வேலையிலிருந்து வந்து தூங்கிவிட்டேன், சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன் என்று சொன்னாள். ஷெரிப்பிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில்.

கொட்டகையில் ஆர்லோவின் மேஜை. பிரஸ், தராசு, துடைத்து அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள். பார்த்ததுமே செருப்பைக் கழற்றத் தோன்றுகிற சுத்தம். மேவிஸ் ஒரு பெட்டியைத் திறந்து அளக்க ஆரம்பித்தாள். நான் இன்னொன்றை. ஒன்றுகூட முடியளவு மாறவில்லை. எல்லாம் அந்தக் குள்ளனின் உயரம்.

"ஆக, குள்ளன்தான் சரியான ஆள்," என்றேன். "அந்த மூணும் வளர்ந்திருக்கு. பித்தளைக்குத் தண்ணி ஊத்தினா வளருமா, பாஸ்?"

திரும்பும்போது மேவிஸ் சமையலறைப் பக்கமாகச் சுற்றி வந்தாள். பின்கதவின் மேல்பாதி சதுரக் கண்ணாடிகள். அதில் பூட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாக இருந்தது. அதன் ஓரத்தில் கண்ணாடி ஒட்டும் புட்டிப் பசையைக் கத்தியால் கோடு போட்டதுபோல் இழைத்திருந்தார்கள். மேவிஸ் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். இன்னும் காயாத புட்டியில் ரேகை பதிந்தது. கோரீன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். மேவிஸ் விரலைத் துடைத்துக்கொண்டு, காப்பிக்கு நன்றி சொன்னாள்.

கிளப்பின் சுடுமிடம் ஊருக்கு மேலே பழைய ஜல்லிக் குழியில் இருக்கிறது. வெர்ல் டாகெட் தினமும் அங்கேதான் கிடப்பான். மர அறுவை ஆலையில் ஒரு காதைத் தொலைத்தவன். இன்னொரு காதைத் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஆர்லோவின் பெட்டியிலிருந்து கோரீனைக் கேட்டு எடுத்து வந்த தோட்டாக்களை அவனிடம் காட்டினோம். இதைக் கொலைத் தோட்டா என்று கோர்ட்டில் சொல்கிறார்களாம் என்றேன். வெர்ல் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளே முழுக்க ஈயம், மேலே வெங்காயத்தோல் மாதிரி செம்பு, கிடைப்பதிலேயே மலிவு, இதை வைத்து ஒரு முயலைக்கூடக் கவலைப்பட வைக்க முடியாது என்றான். ஓல்சன் கேட்டது அந்த நிமிஷமே கிடைத்துவிட்டது. மேவிஸ் கிளம்பியிருக்கலாம். பிறகு நடந்ததையெல்லாம் யோசித்தால், கிளம்பித்தான் இருக்கவேண்டும்.

அவள் கிளம்பவில்லை. தோட்டா தானாக நீளமாகுமா என்று கேட்டாள்.

வெர்ல் தலையைச் சொறிந்தான். அவன் சொன்னது இது. சாதாரணக் குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும். குப்பியின் வாயை நெறித்து அந்தப் பள்ளத்தில் இறுக்கிவிட்டால் குண்டு அசையாது. முலாம் பூசியதில் பள்ளம் கிடையாது. வாயை அழுத்தி நெறித்தால் வெங்காயத்தோல் கிழிந்துவிடும். அதனால் லேசாகத்தான் நெறிப்பார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். உதைக்கிற உதையில், பக்கத்து அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் முன்னால் நழுவலாம். ஆனால் ஆர்லோவின் இரும்புப் பூதத்தில் அது நடக்காது, அது உதைப்பதே தெரியாது என்றான்.

அதே மாதிரி கனத்த ரிவால்வர் வெர்லிடமும் இருந்தது. ஆறு போட்டு, இரண்டு சுடச் சொன்னாள் மேவிஸ். மிச்சத்தை எடுத்து நான் அளந்தேன். முடியளவும் மாற்றம் இல்லை.

"லேசான துப்பாக்கில?" என்றாள்.

வெர்ல் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு சின்ன ரிவால்வரை எடுத்தான். உள்ளங்கையில் அடங்குவது. அதை அவன் நீட்டிய விதத்தில் அதற்கு எடையே இல்லை என்று தெரிந்தது. அதே தோட்டாக்களை அதில் போட்டுச் சுட்டான். முதல் தடவை அது அவன் கையைக் கழுதை மாதிரி உதைத்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவதற்கு விசையை இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். உருளை சுற்றவில்லை. திறந்து பார்த்தால், ஒரு செம்பு மூக்கு உருளையின் முன்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு துப்பாக்கியின் சட்டகத்தில் இடித்து நின்றது.

வெர்லின் முகம் மாறியது. கிளப்பில் யாருக்கும் இந்த மாதிரி ஆனதில்லை என்றான். இந்தப் பொடியனை எடுத்து யாரும் வரிசையாகச் சுடுவதில்லை, பையில்தான் கிடக்கும்.

"எல்லாரும் சுடறதுக்கு முன்னாடி அளப்போம்மா," என்றான். "சுட்ட பிறகு மிச்சத்தை எவன் அளப்பான்?"

நான் அளந்தேன். மிச்சம் மூன்று. மூன்றும் நெட்டை. அவற்றுக்குள் ஒரு தலைமுடி, இரண்டு தலைமுடி பேதம். ட்ரூடியின் மேஜைமேல் நின்ற அதே மூன்று பிள்ளைகள். அப்போதுதான் நான் அந்தச் சின்ன உருளையை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் ஆறு அறைகள் இல்லை. ஐந்துதான்.

மேவிஸ் என்னைப் பார்த்தாள். நான் ஒரு கேலியும் இல்லாமல் அறைகளை மறுபடி எண்ணினேன். அது எனக்கு வழக்கமில்லை.

வெர்ல் பேசிக்கொண்டே போனான். இதனுடைய ஜோடி ஒன்று அவனிடம் இருந்ததாம். இலையுதிர் காலத்தில் ஆர்லோ கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். அந்தக் கெண்ட் பயல் ராத்திரியில் வந்து மகளின் கார் டயரைக் கிழிக்கிறான், அவள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்றாராம். தோட்டா மட்டும் நானே அடைத்துத் தருகிறேன், கடைச் சரக்கை நம்ப மாட்டேன் என்றும் சொன்னாராம்.

இறங்கி வரும் வழியில் மேவிஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஆற்றைப் பார்த்தபடி பேசினாள். ஐந்து பேர் ஒரு வீட்டிலிருந்து, அந்தச் சின்னத் துப்பாக்கியிலிருந்து, வந்தவர்கள், டெல். இரண்டு பேர் சுட்டுத் தீர்ந்தவர்கள், மூன்று பேர் உதை வாங்கி நெட்டையானவர்கள். அவர்களை அப்படியே எடுத்துக் கிழவர் தன் துப்பாக்கியில் குடி வைத்திருக்கிறார். அவர் துப்பாக்கியின் உருளை நீளம், நெட்டைகள் இடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் நீண்டது அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் ஆறு அறை.

"ஒண்ணு காலியா நின்னுச்சு," என்றேன். "மேஜையிலேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்துப் போட்டுட்டாரு."

"உதையே வாங்காதவன்."

கிழவர் சுடவில்லை. நாலே நாலு தோட்டாவை வரிசையாக நிற்க வைத்தால் ஜூரிக்குக்கூடப் புரியும். எங்கள் ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம். வேறு எந்த வழக்காக இருந்தாலும் நான் மேவிஸுக்கு அன்று ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பேன். இஞ்சினைக் கிளப்பினேன்.

ஆர்லோவை ஜெயிலின் மருத்துவ அறையில் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். பக்கத்தில் காற்று இயந்திரம் கிர் கிர் என்றது. என்னைப் பார்த்ததும், "என்னடா டெல், கால் இன்னும் கோணலாத்தான் இருக்கா?" என்றார். உங்கள் வாக்குமூலத்தைவிட நேராகத்தான் இருக்கிறது என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

மேவிஸ் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். குள்ளன், மூன்று நெட்டைகள், ஜல்லிக் குழி, வெர்லின் பொடியன். முதலில் ஆர்லோ இல்லை இல்லை என்று தலையாட்டினார். அளக்கத் தெரியாதவர்கள் அளந்தால் அப்படித்தான் வரும் என்றார். உங்கள் பெட்டியில் எல்லாம் ஒரே அளவாக வந்ததே என்றாள் மேவிஸ். அதற்குப் பிறகு அவர் தலையாட்டவில்லை.

"ஒரு அறை காலியா கிடந்தா எனக்குப் பொறுக்காதும்மா," என்றார். "கை தானாப் போயிடுச்சு."

பிறகு சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ஷிப்ட் முடிந்து மேஸ்திரியிடம் கணக்கு ஒப்பிக்கிறவர் மாதிரி. அன்று விறகு வெட்ட மலைக்குப் போயிருந்தார். அவர் வண்டி வாசலில் இல்லாததைப் பார்த்துத்தான் கெண்ட் வந்தான். பின்கதவுக் கண்ணாடியை முழங்கையால் உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். கோரீன் சுட்டாள். குண்டு உடைந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விட்டது. அவன் உள்ளே வந்து, மேஜையைச் சுற்றி, அடுப்புப் பக்கம் வந்தான். அவள் மறுபடி சுட்டாள். அவன் விழவில்லை. நின்றுகொண்டே அவளைப் பார்த்தான். அவள் மறுபடி விசையை இழுத்தாள்.

"சுத்தல," என்றார் ஆர்லோ. "நான் ஒண்ணொண்ணா அளந்து குடுத்த தோட்டா. என் பொண்ணு இழுக்கறா, இழுக்கறா, சுத்தல. அவன் இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா? அவனாவே சரிஞ்சான். என்னால இல்ல."

காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மேவிஸ் கண்ணாடியைப் பற்றிக் கேட்டாள். தானே மாற்றியதாகச் சொன்னார். கொட்டகையில் ஒரு சதுரம் வெட்டி வைத்திருந்தாராம். உடைந்ததைக் கூட்டி அள்ளி, அந்தச் சின்னத் துப்பாக்கியோடு சேர்த்துப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டார். வீட்டுக்கு வந்து புதுக் கண்ணாடி பொருத்தி, புட்டி இழைத்து, தன் ரிவால்வரில் புகை வாசம் வேண்டும் என்று விறகுக் குவியலில் ஒன்று சுட்டுவிட்டு, சின்னத் துப்பாக்கியிலிருந்து முன்பே எடுத்து வைத்த ஐந்தையும் அதில் மாற்றிப் போட்டு, கையைக் கழுவி, அப்புறம்தான் போன் செய்தார்.

ஏன் கண்ணாடியை மாற்றினீர்கள் என்று நான் கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் வீட்டில் இருக்கும்போது அவன் கண்ணாடியை உடைக்கத் துணிவானா, உடைந்த கண்ணாடி நான் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடாதா என்றார். அது சரிதான். இந்த ஊரில் எங்களுக்கு அதுதான் புத்தி. குழாய் ஒழுகினால், கூரை பிய்ந்தால், மற்றவன் பார்ப்பதற்கு முன்னால் நாமே சரி செய்துவிட வேண்டும். ஷெரிப்பைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? டயர் கிழிந்த ஒவ்வொரு தடவையும் கோரீன் கூப்பிட்டாள். புருஷன் பெண்டாட்டி விஷயம், வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஆர்லோவின் தோளை உடைத்ததும் அதே அலுவலகத்துத் தடிதான்.

மேவிஸ் நாற்காலியை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. சொல்லித்தான் ஆகவேண்டும், அவர் எங்கள் ஆள், அவருக்குத் தெரியாமல் எதையும் வைத்திருக்க முடியாது.

"ஆர்லோ, நீங்க எதையும் தொடாம விட்டிருந்தா, அவ அன்னிக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பா. பூட்டின வீட்டை உடைச்சு உள்ள வர்றவனைச் சுடலாம். சட்டம் அதுதான். கண்ணாடித் துண்டு உள்பக்கமா விழுந்து கிடந்தாலே போதும். சிக்கி நின்ன துப்பாக்கி அங்கேயே கிடந்திருந்தா இன்னும் நல்லது, அவ சொல்றதுக்கு அதுவே சாட்சி. அவ மேல ஒரு வழக்கும் வந்திருக்காது."

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. கண் சுவரில் நின்றது. தோட்டா அளப்பவரின் பெரிய, தடித்த விரல்கள் போர்வையை ஒரு மடிப்பு மடித்து, பிரித்து, மறுபடி மடித்தன.

இப்போது சொல்கிறேன் என்றார். கண்ணாடி உடைந்திருந்தது என்று சத்தியம் செய்கிறேன் என்றார். மேவிஸ் மறுத்துத் தலையாட்டினாள். ஒரு தடவை பொய் வாக்குமூலம் கொடுத்தவரின் சத்தியம் அது. கண்ணாடி ஆற்றில். துப்பாக்கி ஆற்றில். பனி உருகி ஓடுகிற ஆற்றில் ஒரு லாரியைப் போட்டால்கூடக் கிடைக்காது. மிச்சம் இருப்பது ஒரு புதுப் புட்டி. அப்பனும் மகளும் சேர்ந்து அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொன்றுவிட்டு எதையோ மறைத்தார்கள் என்றுதான் அரசு வக்கீல் அதைப் படிப்பான். அந்த நாலு தோட்டாவும் ஒன்றைத்தான் நிரூபிக்கும். ஆர்லோ சுடவில்லை, கோரீன் சுட்டாள். ஏன் சுட்டாள் என்று சொல்ல ஒரு துரும்பும் பாக்கி இல்லை.

"அப்ப நான்தான் சுட்டேன்," என்றார் ஆர்லோ.

"ஆர்லோ."

"நான்தான் சுட்டேன்மா. அந்த நாலையும் பையில போட்டு வச்சிடச் சொல்லு."

அது அவர் உரிமை. அவர் வேண்டாம் என்றால் ஓல்சன் அதை எடுக்க முடியாது, நாங்கள் வாயைத் திறக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி கோரீனிடம் சொல்லுங்கள் என்று கேட்டார். மேவிஸ் அதற்கும் இல்லை என்றாள். இப்போது மகளுக்கு நல்லது அப்பனுக்குக் கெட்டது, அப்பனுக்கு நல்லது மகளுக்குக் கெட்டது. அப்பன் பக்கம் வேலை செய்கிறவர்கள் மகளுக்குப் புத்தி சொல்லக்கூடாது. உனக்கென்று ஒரு வக்கீலைப் பார் என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் தப்பு. அவர் அதைக் கேட்டு, சட்டம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை இதுதானா என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது ஜெயில் படியில் கோரீன் நின்றாள். வேலைக்குப் போகிற நீல உடுப்பு. தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். மேவிஸ் புட்டியில் விரல் வைத்ததைப் பார்த்ததிலிருந்து அவள் தூங்கியிருக்க மாட்டாள்.

"நான் சொல்லிட்டா அப்பாவை விட்ருவாங்களா, மேடம்?"

மேவிஸ் மூச்சை இழுத்தாள். "உனக்குன்னு ஒரு வக்கீல் பாரு, கோரீன். அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் பேசாத. இதுக்கு மேல நான் பேசக்கூடாது."

"இந்தக் கவுண்டில எனக்கு யாரு வருவா? இருக்கறது ஓல்சன் ஒருத்தி. அவ எங்கப்பாவுக்கு." என் பக்கம் திரும்பினாள். "டெல் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. விட்ருவாங்களா?"

சுரங்கத்தில் அவள் அப்பாவும் நானும் ஒரே கூண்டில் இறங்கியிருக்கிறோம். இந்தப் பெண் நடக்கப் பழகியபோது மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் எது அவளைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. மேவிஸ் என் கையைப் பிடித்தாள். பிடித்தது தடுக்கவா, தான் விழாமல் இருக்கவா என்பதும் தெரியவில்லை.

"அவர் படுத்தா எந்தப் பக்கம் திரும்பினா மூச்சு வரும்னு அங்க யாருக்கும் தெரியாது," என்றாள் கோரீன். எங்களைக் கடந்து போனாள்.

ஜெயிலும் ஷெரிப் அலுவலகமும் சேர்ந்த அந்தக் கட்டடத்தின் கதவு கனம். அவள் தோளை வைத்துத் தள்ளினாள், பாதிதான் திறந்தது. நான் போய்ப் பிடித்திருக்கலாம். பிடித்தால் உள்ளே அனுப்பி வைப்பதாகும். பிடிக்காவிட்டால் தடுப்பதாகும். நின்றேன். அவள் இன்னொரு தடவை தள்ளி, இடுக்கில் நுழைந்தாள்.

யாரைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

"யாரையும் பார்க்க வரல," என்றது கோரீனின் குரல். "ஒண்ணு சொல்லணும்."

கதவு மெதுவாக, அதன் கனத்துக்கு ஏற்ற மாதிரி, மூடிக்கொண்டது.